ஷட்டர் இறக்கும் நேரத்தில் வருகிறவர்கள்

மருந்துக் கடையில் இருபத்தாறு வருடம் நின்றவனுக்கு, ஒருவர் படியேறும் விதத்திலேயே என்ன வாங்க வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். தலைவலிக்காரர் தெருவிலிருந்தே மாத்திரையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார். சர்க்கரைக்காரர் பழைய அட்டையின் மூலையைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஆணுறை வாங்குகிறவர் முதலில் இருமல் மிட்டாய் கேட்பார். இன்னொரு வகையினர் இரவு ஒன்பதரைக்கு மேல், பாதி ஷட்டரை இறக்கிவிட்டு நான் கல்லாவை எண்ணுகிற நேரத்தில் வருவார்கள். உள்ளே வேறு ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். என் மகள் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் பற்பசை ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் பற்பசை வாங்கிப் போனவர்களில் பாதிப்பேர் மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் வந்திருக்கிறார்கள்.

மாசி மாதத்தில் ஒருநாள் அப்படி வந்த பையன், குனிந்து ஷட்டருக்குள் நுழைந்து, கண்ணாடி மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் ஒரு தைலக் குப்பியையும் வைத்தான். இருபத்து நான்கு வயதிருக்கும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்க்கிறவன். வைகாசியில் கல்யாணம்.

“அண்ணா, இது ஒரிஜினலா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?”

டப்பாவில் லேபிள் இல்லை. வெள்ளை பிளாஸ்திரி ஒன்றை ஒட்டி, அதில் பேனாவால் ‘காலை 1, இரவு 1, பாலில்’ என்று எழுதியிருந்தது. உள்ளே பழுப்பு நிறச் சூரணம். பிரித்ததும் அதிமதுர வாசனை வந்தது. அதற்கடியில் வேறு ஏதோ கசந்தது. தைலத்தில் கற்பூரம் தூக்கலாக இருந்தது. தடவினால் சூடேறும், சூடேறினால் வேலை செய்கிறது என்று நம்பத் தோன்றும், அவ்வளவுதான். இரண்டு தவணையாகப் பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறான். ஆணுறுப்பு பெரிதாகும் என்று சொல்லி, மாதம் இரண்டு முறை ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் வைத்தியர் கொடுத்தது. அவருடைய சுவர் விளம்பரத்தை இந்த வட்டாரத்தில் பார்க்காதவர் இருக்க முடியாது. ‘சிறுவயதுத் தவறுகளால் உறுப்பு சிறுத்து, நரம்பு தளர்ந்து வருந்துகிறவர்களே’ என்று தொடங்கும். விந்து விட்டான் நொந்து கெட்டான் என்ற பழமொழியை வைத்தியர் பையனிடம் மூன்று முறை சொன்னாராம்.

கைப்பழக்கத்தால் உறுப்பு சிறுக்காது. நரம்பும் தளராது. பதினான்கு வயதில் யாராவது இதை அவனிடம் சொல்லியிருந்தால் பதினான்காயிரம் மிச்சமாகியிருக்கும்.

“இதைச் சாப்பிட்டால் முகம் சூடாகிறதா? தலை வலிக்கிறதா?” என்று கேட்டேன். திடுக்கிட்டுப் பார்த்தான். “ஆமாம் அண்ணா. மூலிகை வேலை செய்கிறது, அதனால்தான் என்று சொன்னார்.”

அது எந்த மூலிகையின் வேலையாக இருக்கக்கூடும் என்பது மருந்துக்கடைக்காரனுக்குப் பழக்கமான சங்கதி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை வெளியிட்ட எச்சரிக்கைகளை ஆராய்ச்சியாளர்கள் தொகுத்து 2018-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். துணை உணவு என்ற பெயரில் விற்கப்பட்ட 776 பொருள்களில் சொல்லாத மருந்து கலந்திருந்தது. அவற்றில் 353 ‘ஆண்மை’ வகை. அந்த வகையில் மிக அதிகமாக அகப்பட்டது சில்டெனாஃபில், அதாவது வயாகராவின் மூலப்பொருள். அது ரத்தக் குழாயை விரித்து விறைப்புக்கு உதவும். உறுப்பின் அளவை ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டாது. விறைப்பு சரியாக இல்லாதவருக்கு டாக்டர் அளவு பார்த்து எழுதிக்கொடுத்தால் நல்ல மருந்துதான். பிளாஸ்திரி ஒட்டிய டப்பாவில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது கலந்தவருக்கே தெரியாது.

இதில் எனக்கு ஒரு பழைய பயம் உண்டு. மாதம் தவறாமல் சார்பிட்ரேட் என்ற நெஞ்சுவலி மாத்திரை வாங்குகிற ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், ஒருநாள் வெள்ளித்தாள் சுற்றிய காப்ஸ்யூல் ஒன்றைக் காட்டினார். “மூலிகைதான் தம்பி, கெடுதல் இல்லை என்றார்கள்.” முதல் காப்ஸ்யூல் போட்ட அன்றே குளியலறையில் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் அந்த மாத்திரை நைட்ரேட் வகை. சில்டெனாஃபிலும் அதுவும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கி ஆளையே கொண்டுபோய்விடும். மீதிக் காப்ஸ்யூல்களை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இப்போது இந்த டப்பாவும் சேர்ந்துகொண்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. நம் மருந்து, ஒப்பனைப் பொருள் விதிகளில் ‘ஜே’ அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்தெந்த நோயைத் தீர்ப்பதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. அதில் பாலுறுப்பின் அளவையும் வடிவத்தையும் மேம்படுத்துவது என்று தனியாக ஒரு வரி உண்டு. 1954-ஆம் ஆண்டின் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டமும் உண்டு. சுவர்களுக்கு இது தெரியாது.

நம் ஊரில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் சின்சினாட்டி பக்கம் ஒரு கம்பெனி ‘என்சைட்’ என்ற காப்ஸ்யூலைத் தொலைக்காட்சியில் வருடக்கணக்கில் விற்றது. விளம்பரத்தில் ‘சிரிக்கும் பாப்’ என்று ஒருவர் எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார். கண்டுபிடித்தவர்கள் என்று சொல்லப்பட்ட இரண்டு டாக்டர்களும் கற்பனை. விளம்பரத்தில் போட்ட கணக்குகள் உட்கார்ந்த இடத்தில் எழுதியவை என்று அங்கே வேலை பார்த்தவரே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்களாம்: மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, நோட்டரி கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். எனக்குச் சிறியது என்று எந்த ஆண் நோட்டரியிடம் போய் நிற்பான்? லாட்ஜ் வைத்தியர் ரசீது கொடுக்காததற்கும் இதுதான் காரணம். வெட்கப்படுகிற வாடிக்கையாளர் புகார் கொடுக்க மாட்டார். முதலாளி ஸ்டீவ் வார்ஷாக்குக்கு 2008-இல் 25 வருடத் தண்டனை விழுந்தது, பிறகு 10 வருடமாகக் குறைந்தது. அவருடைய மேல்முறையீட்டில்தான், பிடியாணை இல்லாமல் அரசாங்கம் ஒருவருடைய மின்னஞ்சலைப் படிக்கக் கூடாது என்று 2010-இல் முக்கியமான தீர்ப்பு வந்தது. அந்தக் காப்ஸ்யூலால் உலகத்துக்கு விளைந்த நன்மை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பையன் அடுத்துத் தன் போனில் சேமித்து வைத்திருந்த படங்களைக் காட்டினான். பம்ப், இழுவைக் கருவி, பால் கறப்பதுபோல் உருவிவிடும் ‘பயிற்சி’, வெளிநாட்டு அறுவை சிகிச்சை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அன்று இரவு சொன்னதைவிடக் கொஞ்சம் விளக்கமாக இங்கே எழுதுகிறேன்.

பம்ப் என்பது ஒரு குழாய்க்குள் காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுத்து நிறுத்துவது. விறைப்புக் குறைபாட்டுக்கு அது முறையான கருவி. நீளத்துக்கு ஆகுமா என்று டெஹ்ரானில் பார்த்தார்கள். 37 பேர், வாரம் மூன்று முறை, தடவைக்கு இருபது நிமிடம், ஆறு மாதம். இழுத்து அளந்த சராசரி நீளம் 7.6 சென்டிமீட்டரிலிருந்து 7.9 ஆனது. பள்ளிக்கூட ஸ்கேலில் மூன்று சின்னக் கோடு, அளக்கிறவர் கை நடுங்கினாலே வரக்கூடிய வித்தியாசம். இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்டது வேறு: அப்படியும் அவர்களில் ஏறக்குறைய முப்பது சதவீதத்தினர் திருப்தி என்றார்கள். போன் திரையில் தெரிகிற நட்சத்திர மதிப்பெண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது இதைப் படித்த பிறகு எனக்குப் புரிந்தது.

உருவிவிடும் பயிற்சிக்குச் சான்று என்று சொல்லத் தகுந்த ஆய்வே கிடையாது. காயங்களுக்கு உண்டு. தோல் கன்றிப்போகும், உள்ளே தழும்பு கட்டும், தழும்பு கட்டினால் உறுப்பு வளையும்.

இழுவைக் கருவியில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏதோ ஒன்று இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். இத்தாலியின் டூரின் நகரத்தில் செய்த ஆய்வில், தினமும் குறைந்தது நான்கு மணி நேரம், ஆறு மாதம் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தளர்ந்த நிலையில் 2.3 சென்டிமீட்டரும், இழுத்து அளந்தபோது 1.7 சென்டிமீட்டரும் கூடியது. பருமன் மாறவில்லை. ஆய்வை முடித்தவர்கள் வெகுசிலர். ஒப்பிட்டுப் பார்க்க, கருவி மாட்டாத ஆள்கள் யாரும் இல்லை. நான்கு மணி நேரத்தை நூற்றெண்பது நாளால் பெருக்கினால் எழுநூற்று இருபது மணி நேரம். செல்போன் கடையில் முக்காலியில் உட்கார்ந்து சாலிடர் வைக்கிறவன் கால்சட்டைக்குள் அதை மாட்டிக்கொண்டு எப்படி வேலை பார்ப்பான்? பெய்ரோனி என்று ஒரு நோய் இருக்கிறது. தழும்பால் உறுப்பு வளைந்து குறுகிவிடும். அந்த நோயாளிகளுக்கு இழுவை பயன்படுகிறது என்று மேயோ கிளினிக்கில் 110 பேரை வைத்து முறையாக ஒப்பிட்டு 2019-இல் காட்டியிருக்கிறார்கள். நோய்க்குச் செய்த கருவியை நோயில்லாதவனுக்கு விற்பது மருந்து வியாபாரத்தில் புதிதல்ல.

அறுவை சிகிச்சைக்கு வருவோம். உறுப்பின் ஒரு பகுதி உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அதை இடுப்பெலும்போடு பிடித்து நிறுத்துவது ஒரு தசைநார், கொடிக்கம்பத்தைச் சுவரோடு இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி. அந்த நாரை அறுத்துவிட்டால் உள்ளிருப்பது கொஞ்சம் வெளியே வரும். தளர்ந்த நிலையில் நீளம் கூடியதுபோல் தெரியும். விறைக்கும்போது முன்போல் நிமிர்ந்து நிற்காது, பிடித்து நிறுத்தத்தான் கம்பி இல்லையே. அறுத்த இடத்தில் தழும்பு கட்டி மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டால் போட்டதும் போயிற்று, இருந்ததும் போயிற்று. லண்டனில் 42 பேருக்கு இதைச் செய்த மருத்துவர்களே 2006-இல் கணக்குக் கொடுத்தார்கள்: சராசரியாகக் கூடியது 1.3 சென்டிமீட்டர், திருப்தி என்றவர்கள் 35 சதவீதம். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம், நாரை அறுப்பதும் பருமனுக்காகக் கொழுப்பை ஊசியில் ஏற்றுவதும் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ நிரூபிக்கப்படவில்லை என்று 1994-லேயே சொல்லிவிட்டது. ஏற்றிய கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும், கரையாதது கட்டி கட்டியாக நிற்கும். ஸ்வீடனில் முப்பது வயது ஆரோக்கியமான ஒருவர் இந்தச் சிகிச்சை முடியும் தறுவாயில் மேசையிலேயே மூச்சுத் திணறி, அன்றே இறந்துபோனார். ஏற்றிய கொழுப்பு ரத்தக் குழாய்க்குள் புகுந்து நுரையீரலை அடைத்துவிட்டிருந்தது. அந்தப் பிரேதப் பரிசோதனை அறிக்கை 2017-இல் வெளியானது. நோயே இல்லாமல் அறுவை மேசையில் ஏறியவர்.

ஊசிகளில் மோசமானது எண்ணெய். 1899-இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர், காசநோயால் விதையை இழந்த ஒருவருக்கு அந்த இடத்தை நிரப்ப வாஸ்லினை ஊசியில் ஏற்றினார். அவர் நோக்கம் நல்லது. பிறகு வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாரஃபின், கனிம எண்ணெய், தாய்லாந்தில் ஆலிவ் எண்ணெய் என்று இன்றைக்கும் டாக்டர் இல்லாத அறைகளில் ஏற்றிக்கொள்கிறார்கள். முதல் சில மாதம் பருமனாக இருக்கும். உடம்புக்கு அந்த எண்ணெயைக் கரைக்கத் தெரியாது, சுற்றிச் சுற்றி நார் கட்டும். வருடங்கள் கழித்து கல்லாக இறுகி, புண்ணாகி, தோலையே உரித்தெடுத்துத் தொடையிலிருந்து ஒட்டவைக்கும் நிலை வரும்.

இதெல்லாம் நவீன கால வியாதி என்று பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். காமசூத்திரத்தின் கடைசிப் பகுதியில் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது: மரத்தில் வாழும் ஒருவகைப் பூச்சியின் சுணையைத் தேய்த்து, பத்து இரவு எண்ணெய் தடவி, வீங்கியதும் ஓட்டை போட்ட கட்டிலில் குப்புறப் படுக்க வேண்டும். வீக்கத்தை வளர்ச்சி என்று சொல்லும் வழக்கம் அவ்வளவு பழையது. சுசுருத சம்ஹிதையில் இதற்கு மறுபக்கம் இருக்கிறது. உறுப்பைப் பெருக்க ஆசைப்பட்டு அந்தச் சூகப் பூச்சியைத் தேய்த்துக்கொண்டவர்களுக்கு வரும் நோய்களுக்காகவே ஒரு தனி அத்தியாயம். பதினெட்டு வகை நோய் எண்ணி எழுதியிருக்கிறார்கள். பலனைச் சொன்னவர் ஒரு பக்கம், புண்ணுக்குக் கட்டுப் போட்டவர் ஒரு பக்கம். பரம்பரை வைத்தியம் என்று சொல்லிக்கொள்ளும் லாட்ஜ்காரருக்கு இந்தப் பரம்பரையும் தெரிந்திருக்க வேண்டும்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் கேட்க வந்ததைக் கேட்டான். “அப்படியானால் எனக்கு வழியே இல்லையா?”

“உனக்குச் சிறியது என்று யார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் ஆற்றில் குளிக்கும்போது பக்கத்துப் பையன்களைப் பார்த்ததில் தொடங்கியது. பிறகு போனில் பார்த்த படங்கள். எல்லாருக்கும் ஏழு அங்குலம் இருக்கும் என்று ஒரு கணக்கு மனதில் ஏறிவிட்டது. தன்னுடையதைத் தையற்கார டேப்பால், கீழ்ப்பக்கமாக வைத்து அளந்திருக்கிறான். முறை அது அல்ல. நேரான ஸ்கேலை மேல்பக்கமாக வைத்து, அடிவயிற்று மயிர்ப்பகுதியில் எலும்பு தட்டும்வரை அழுத்தி, அங்கிருந்து நுனி வரை அளக்க வேண்டும். அந்த இடத்தில் கொழுப்பு இருப்பதால் தொந்தி உள்ளவர்களுக்கு வெளியே தெரிவது குறைவு. உடம்பு இளைத்தால் மறைந்திருப்பது தெரியும், செலவில்லாத நீளம் அதுதான். குனிந்து மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தன்னுடையது எப்போதும் குறுகித்தான் தெரியும். தளர்ந்த நிலையில் இருப்பதை வைத்து விறைப்பில் எவ்வளவு என்று கணிக்கவும் முடியாது.

லண்டன் ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து, 15,521 ஆண்கள் வரை அளந்த கணக்கை 2015-இல் வெளியிட்டார்கள். விறைத்த நிலையில் சராசரி நீளம் 13.12 சென்டிமீட்டர், சுற்றளவு 11.66. தளர்ந்த நிலையில் நீளம் 9.16. பக்கத்து மாநிலத்தில், கொச்சியில் 301 பேரை அளந்து 2007-இல் வெளியான கணக்கில் விறைத்த நீளம் 13.01. பத்துப் பைசா வித்தியாசம். சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 1996-இல் கொடுத்த அளவுகோலின்படி, விறைப்பில் 7.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால்தான் நீளச் சிகிச்சை பற்றிப் பேசவே வேண்டும். அந்த நிலை மிக அரிது. பையன் டேப்பில் தப்பாக அளந்ததே பன்னிரண்டரை.

அவன் ஒருவன் மட்டுமா? இத்தாலியின் ஃபுளோரன்ஸில், சிறியதாக இருக்கிறது என்று மருத்துவமனைக்கு வந்த 67 பேரை அளந்து பார்த்தார்கள். ஒருவருக்குக்கூட இயல்பின் கீழெல்லையைத் தாண்டிக் குறைவாக இல்லை. 57 பேர், மற்ற ஆண்களுக்கு எவ்வளவு இருக்கும் என்பதை உண்மையைவிட அதிகமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கவலை தொடங்கியது சிறுவயதில், நண்பர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில். அவர்கள் குளித்த ஆறு எதுவோ.

52,031 பேரிடம் கேட்ட ஒரு கணக்கு 2006-இல் வந்தது. தன் அளவில் திருப்தி என்ற ஆண்கள் 55 சதவீதம். துணைவரின் அளவில் திருப்தி என்ற பெண்கள் 85 சதவீதம். இதைச் சொன்னபோதுதான் பையன் முதல்முறையாக முகத்தை நிமிர்த்தினான். வெளிநாட்டுக் கணக்குதானே அண்ணா என்று உடனே ஒரு சந்தேகமும் கேட்டான். செல்போன் பழுதுபார்க்கிறவனுக்கு அந்தப் புத்தி இருக்க வேண்டும், இருந்தது. பதினான்காயிரம் கொடுத்த அன்று மட்டும் அது வேலை செய்யவில்லை.

இயல்பான அளவு உள்ள ஆண்களுக்கு என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று 17 ஆய்வுகளை, மொத்தம் 1,192 ஆண்களை, ஒன்றாக வைத்து அலசிய கட்டுரை 2020-இல் வெளியானது. பம்பில் பலன் இல்லை, இழுவையில் தளர்ந்த நிலையில் இரண்டு சென்டிமீட்டருக்குள், ஊசியிலும் கத்தியிலும் சிக்கல்கள் ஏராளம். எனக்குப் பிடித்த வரி வேறொன்று. முறையாக அளந்து, உனக்கு இருப்பது இயல்பு என்று பொறுமையாக விளக்கிய இடங்களில் பெரும்பாலானவர்கள் சிகிச்சையே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள். எல்லாரும் அல்ல. சிலருக்கு அது மனதில் ஊறிப்போன நோய், கண்ணாடி காட்டுவதை நம்பாத நோய். அவர்களுக்கு மனநல மருத்துவர் வேண்டும், கத்தி பட்டால் அவர்களுடைய துன்பம் கூடத்தான் செய்யும்.

1967-இல் சிங்கப்பூரில் ஒரு வதந்தி கிளம்பியது. தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியைத் தின்றால் உறுப்பு உள்ளே இழுத்துக்கொண்டுவிடும் என்று. ஆண்கள் கயிற்றாலும் கிளிப்பாலும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நூற்றுக்கணக்கானோர். மருத்துவர்கள் தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும் வந்து, இது பயத்தால் வருவது, உறுப்பு எங்கும் போகாது என்று விளக்கினார்கள். சில நாளில் கூட்டம் வடிந்துவிட்டது. அந்தக் கூட்டத்தை வடித்தது மாத்திரை அல்ல, விளக்கம்தான்.

மணி பத்தரை ஆகிவிட்டது. மகள் இரண்டு முறை போன் செய்துவிட்டாள். டப்பாவை நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன், சரி என்றான். அரசு மருத்துவமனையில் ஒரு தடவை காட்டிவிடு, ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள், நான் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் உனக்கு நிம்மதி என்றேன். தலையாட்டிவிட்டு ஷட்டர் வரை போனவன் திரும்பி வந்தான்.

“அண்ணா, ஓ.பி. சீட்டில் என்ன எழுதுவார்கள்?”

“சிறுநீரகவியல் என்று எழுதுவார்கள். கல்லடைப்புக்கு வருகிறவர்களும் அந்த வரிசைதான்.”

“அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டுமா?”

“மடித்துப் பையில் வைத்துக்கொள். கூப்பிடும்போது எடுத்தால் போதும்.”

இரண்டாக மடிப்பதுபோல் கையால் ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டான். பிறகு ஒரு பற்பசை வாங்கிக்கொண்டு போனான்.